புள்ளியின் மேல் ஒரு கோடு

நவம்பர் 11, திங்கள்

பத்தாம் வகுப்பு ‘இ’ பிரிவுப் பிள்ளைகளைக் கணக்கில் தோற்கடிப்பவர் எங்கள் தலைமையாசிரியர் எஸ்தர் மேடம். இதை யார் முன்னாலும் சொல்வேன்.

இன்று அதற்கு ஆதாரம் கிடைத்தது. கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வயது இருபத்தொன்பது, கம்ப்யூட்டர் தெரியும் என்று காரணம் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அதைத் தொடப் பிடிக்காது என்பதுதான் காரணம். பெயர், ஊர், சமூகம், காலாண்டு மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, கணக்கு மதிப்பெண் வாரியாக அடுக்கினேன். ‘இ’ பிரிவில் நாற்பத்து நான்கு பேர். கணக்கில் தவறியவர்கள் பதினைந்து பேர். அந்தப் பதினைந்தில் பதினான்கு பேருக்குச் சமூகக் கட்டத்தில் எஸ்.சி.

இதைத் தற்செயல் என்பார்கள். உடற்கல்வி ஆசிரியர் குருபாதம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுக்கு இன்னாத்துக்கு சாரே கம்ப்யூட்டர்? என்னைக் கேட்டிருந்தா வாயாலயே சொல்லிருப்பேனே.”

நானும் ஒரு காலனியிலிருந்து வந்தவன்தான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

மேடத்தின் தீர்வு என்ன? அந்தப் பதினைந்து பேரையும் ‘முப்பத்தைந்து பேட்ச்’சில் போடுவது. தேர்ச்சி மதிப்பெண் முப்பத்தைந்து. அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் நடத்த வேண்டாம், மஞ்சள் அட்டைப் புத்தகம் போதும் என்கிறார். இப்படித்தான் ஒரு பிள்ளையின் தலைவிதியை முப்பத்தைந்தில் ஆணி அடித்து மாட்டுகிறார்கள்.

மஞ்சள் புத்தகம் நான் தயாரித்தது. இருபத்தெட்டுப் பக்கம். வரைபடம், செய்முறை வடிவியல், பத்து ஒரு மதிப்பெண் கேள்வி. பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். புத்தகத்தில் குறை இல்லை. அதை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அரசியல்.

டைம்டேபிள் மட்டும் நான் ஜூனில் கேட்டபடி அமைந்தது. தினமும் முதல் பீரியட் ‘இ’ பிரிவுக்குக் கணக்கு. எட்டாவது பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் கடலூரில் ஐந்து மணி குரூப் ஒன் தேர்வுப் பயிற்சிக்குச் சரியாக இருக்கும். மேடம் கண்டுகொள்வதில்லை. எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இது.

நவம்பர் 12, செவ்வாய்

பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. இருநூறுக்கு நூற்று நாற்பத்தாறு. முதல் ஐந்து பேரில் நான். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை, நாளைக்குப் போட வேண்டும்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் சாக்லேட். ஒன்பதரைக்கு முதல் பீரியட் தொடங்கியது. பத்து மணிக்கு வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மைதானத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேர் சாக்குப் பையோடு குனிந்து சாக்லேட் காகிதம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் சாப்பிடாத சாக்லேட்டின் காகிதம்.

இது புதிதில்லை. தாமதமாக வருபவர்களை குருபாதம் கேட்டிலேயே நிறுத்திக் குப்பை பொறுக்கவிட்டு, முதல் பீரியட் முடியும் மணி அடித்த பிறகே உள்ளே அனுப்புவார். பழைய வழக்கம். நானும் ஜூனிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்குத்தான் பதினேழு என்று எண்ணினேன்.

மத்தியானம் அட்டவணையை மறுபடி திறந்து ஊர் வாரியாக அடுக்கினேன். பதினேழு பேரும் ஓடைமேடு காலனி. கணக்கில் தவறிய பதினான்கு எஸ்.சி. பிள்ளைகளும் இந்தப் பதினேழுக்குள்தான்.

பிறகு ஒரு வேலை செய்தேன். இவர்களுடைய அறிவியல் மதிப்பெண்ணை எடுத்தேன். பதினேழு பேரின் சராசரி அறுபத்தொன்று. வகுப்பின் மற்ற இருபத்தேழு பேருக்கு ஐம்பத்தெட்டு. சமூக அறிவியலிலும் இவர்கள்தான் மேலே. கணக்கில் மட்டும் முப்பது.

மோனிஷாவிடம் கேட்டேன். அந்தப் பதினேழில் ஒருத்தி. அறிவியல் எண்பத்தெட்டு, கணக்கு முப்பத்தொன்று.

“எட்டு இருவது பஸ்ஸு ஊர்த் தெருவுல நின்னு ஏத்திக்கும் சார். எங்க ஸ்டாப்புக்கு வரசொல்ல கண்டக்டர் ஃபுல்லுன்னு கைய ஆட்டிட்டுப் போய்டுவாரு. அடுத்தது ஒம்போது இருவது.”

“நெசமாவே ஃபுல்லா இருக்குமா?”

“ஊர்த் தெருவுல ஏர்றவங்க பை உக்காந்திருக்கும் சார்.”

பஸ். இவ்வளவு எளிய விஷயம். ஒரு கண்டக்டரின் கை ஒரு காலனியையே கணக்கில் ஃபெயிலாக்குகிறது. இதை மாநிலத்தில் வேறு எந்த ஆசிரியர் கண்டுபிடித்திருப்பார்?

மாலை குருபாதத்தை மைதானத்திலேயே நிறுத்தினேன். “நாளையிலேர்ந்து எம் பசங்க கையில ஒரு பேப்பர் இருந்தாலும் நான் சி.இ.ஓ. ஆபீஸ் வரைக்கும் போவேன் சார்.”

“போங்க சாரே. பஸ்ஸு ஃப்ரீதான... ஓ, அது பொம்பளைங்களுக்கு மட்டுமா?”

சிரித்தார். ஆனால் பயந்துவிட்டார்.

நவம்பர் 15, வெள்ளி

வென்றாயிற்று. இன்று பதினேழு பேரும் ஒன்பது ஐம்பத்தைந்துக்கே நேராக வகுப்புக்கு வந்துவிட்டார்கள். நான் இருபடிச் சமன்பாட்டின் நடுவில் இருந்தேன். பத்து பத்துக்கு மணி. வந்தவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியாது. மற்ற இருபத்தேழு பேரும் பிள்ளைகள்தானே.

பேருந்துப் பணிமனை மேலாளருக்கு மனு எழுதினேன். இரண்டு பக்கம். அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை மேற்கோள் காட்டியிருக்கிறேன், பயிற்சி வகுப்பு வீண்போகவில்லை. ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. பதிவுத் தபால்.

நான் துணை ஆட்சியர் ஆகும் நாளில் முதல் கையெழுத்து ஓடைமேடு காலனி பஸ்ஸுக்குத்தான். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

முப்பத்தைந்து பேட்ச் பட்டியலை வகுப்பில் வாசித்தேன். எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் மேடத்தின் உத்தரவு. மஞ்சள் புத்தகத்தைக் கொடுத்தேன். மோனிஷா வாங்கிப் புரட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

“சார், இதுல அல்ஜீப்ராவே இல்ல.”

“உனக்கு அது வேணாம்மா. இத மட்டும் படிச்சா முப்பத்தஞ்சு உறுதி.”

“முப்பத்தஞ்சு எடுத்தா லெவன்த்ல ஃபர்ஸ்ட் குரூப் குடுப்பீங்களா?”

“அதுக்குக் கணக்குல அறுபது வேணும்.”

“அப்ப இது எனக்கு எதுக்கு சார்?”

பின் பெஞ்சிலிருந்து கிஷோர்: “டாக்டரம்மாவுக்கு ஊசி போடத் தெரிஞ்சா போதும்டா. அல்ஜீப்ரா எதுக்கு?”

“தெரியும்டா. மொதல் ஊசி உனக்குத்தான், திரும்பி நில்லு.”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். திமிர். எனக்குப் பிடித்த திமிர்.

நவம்பர் 19, செவ்வாய்

மோனிஷாவின் அம்மா வந்திருந்தார். பெயர் அலமேலு. முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிறார். பத்து விரலும் ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்து வெந்திருந்தன. நாற்காலியில் உட்காரச் சொல்லி மூன்று முறை சொன்ன பிறகு நுனியில் உட்கார்ந்தார்.

“சயின்ஸுல எம்பத்தெட்டு, கணக்குல முப்பத்தொண்ணு. ரெண்டுத்துக்கும் ஒரே மண்டதான சார்?”

“ஒரே மண்டைதாம்மா. பஸ்ஸுதான் லேட்டு.”

“அது தெரியாதா எங்களுக்கு? ஏழரைக்கே போயி ஸ்டாப்புல நிக்குது சார் இது. ஃபர்ஸ்ட் குரூப்பு கெடைக்கலன்னா எங்கூட கம்பெனிக்கு இட்டுக்கினு போவச் சொல்றாரு அவங்கப்பா. எட விட்டா படிக்க வெக்கிற ஆளு இல்ல அவரு.” விரல்களை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். “நீங்க நம்ம ஆளு, வுட்டுக்குடுக்க மாட்டீங்கன்னு பொண்ணு சொல்லுது. அதான் வேலைய வுட்டுட்டு வந்தேன்.”

“நான் இருக்கேம்மா. மனு போட்டிருக்கேன். நடக்கும்.”

கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அது பிடிக்காது. கும்பிட வேண்டாம் என்று சொன்னேன். மணி மூன்று இருபது ஆகிவிட்டதால் ஓட வேண்டியதாயிற்று.

நவம்பர் 20, புதன்

மழை விடுமுறை. துணி காயவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

மேடத்தின் அறையில் சண்டை. நான்தான் தொடங்கினேன். மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டிய அறிக்கையில் அந்தப் பதினைந்து பேரின் பெயருக்கு எதிரே ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதியிருந்தார். அறிவியலில் எண்பத்தெட்டு வாங்கியவள் மெல்லக் கற்கிறாளா என்று கேட்டேன்.

மேடம் குரலை உயர்த்துவதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உக்காருங்க சார். இந்தப் பசங்க வருகை தொண்ணூத்தேழு சதவீதம். நல்ல வருகை. ‘அ’ பிரிவுல கூட இவ்ளோ இல்ல. தெனம் வந்தும் கணக்குல முப்பத்தஞ்சு தாண்டலன்னா நான் வேற இன்னா எழுதட்டும்?”

“தினம் வராங்க மேடம், முதல் பீரியடுக்கு வரல.”

“ரெஜிஸ்டர்ல அப்படி இல்லையே. நீங்கதான வகுப்பு ஆசிரியர்?”

இங்கே ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். வருகைப் பதிவேட்டில் நான் எந்தப் பிள்ளைக்கும் அநியாயம் செய்ததில்லை. முதல் பீரியடில் பெயர் கூப்பிடும்போது இல்லாதவர்களுக்குப் பேனாவால் ஒரு புள்ளி மட்டும் வைப்பேன். வந்து சேர்ந்ததும் புள்ளியின் மேலேயே கோடு இழுத்து ‘வருகை’ ஆக்கிவிடுவேன். வேறு ஆசிரியராக இருந்தால் அரை நாள் ஆப்சென்ட் போட்டிருப்பார். வருகை குறைந்தால் உதவித்தொகை சிக்கும், ஹால் டிக்கெட் சிக்கும். அந்தப் பதினேழு பேருக்காக ஜூனிலிருந்து ஒரு நாள் தவறாமல் கோடு இழுத்திருக்கிறேன்.

மேடம் சொன்னார்: “சரி, லேட்டுன்னே வெச்சுக்குவோம். எட்டாவது பீரியட்ல அவங்களுக்கு இன்னா இருக்கு? விளையாட்டு, நூலகம், நன்னெறி. அதையெல்லாம் முதல் பீரியடுக்குக் கொண்டுபோயிட்டு, கணக்க எட்டாவதுக்கு வெச்சுடலாம். நான் இன்னிக்கே மாத்தித் தரேன். செய்யலாமா?”

கணக்குக்குக் காலை நேரத்து மூளை வேண்டும், கடைசிப் பீரியடில் பிள்ளைகள் சோர்ந்திருப்பார்கள், இது கல்வி உளவியல் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். மேடம் மேஜைக் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று இருபத்திரண்டு.

“உங்க இஷ்டம் சார். பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்புங்க.”

பிரச்சினையைத் திசைதிருப்புவதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பஸ்ஸைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் டைம்டேபிளைப் பற்றிப் பேசுகிறார்.

நவம்பர் 25, திங்கள்

மோனிஷா முதல் பீரியட் முடிந்ததும் தினமும் கிஷோரின் கணக்கு நோட்டை வாங்கி இடைவேளையில் எழுதுகிறாளாம். “எழுதிக்கறேன் சார். ஆனா அவன் கையெழுத்துல பாதிக் கணக்கு செத்துப்போவுது” என்றாள். கிஷோர்: “ஓசியில குடுக்கறவன் கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.”

உழைக்கிறாள். நல்லது.

நவம்பர் 27, புதன்

பணிமனையிலிருந்து பதில். ஒரே பத்தி. ‘தங்கள் மனு தொடர்பாகப் பள்ளித் தலைமையாசிரியரிடம் வருகை விவரம் கேட்டுப் பெறப்பட்டது. மேற்படி காலனி மாணவர்களின் வருகை 97 சதவீதம் எனவும், தாமத வருகை ஏதும் பதிவாகவில்லை எனவும் தெரியவருவதால், பேருந்து நிறுத்தம் குறித்துக் கூடுதல் நடவடிக்கை தேவைப்படவில்லை.’

மேடத்திடம் கடிதத்தை வீசாத குறையாகக் காட்டினேன். “நீங்க ஏன் மேடம் இந்த விவரத்த அனுப்புனீங்க?”

“கேட்டாங்க, அனுப்புனேன். உங்க கையெழுத்துல இருக்கற ரெஜிஸ்டர் சார். நானா எழுதுனேன்?”

நிர்வாகம் நிர்வாகத்தோடு கைகோத்துக்கொள்கிறது. நான் விடப்போவதில்லை. இந்த முறை திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கே நேரில் போவேன். பயிற்சி மையத்தின் அடுத்த மாதிரித் தேர்வு முடிந்ததும்.

நவம்பர் 29, வெள்ளி

மாதக் கடைசி. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் கூட்டல் போட வேண்டும். எப்போதும்போல மோனிஷாவிடம் கொடுத்தேன். ஜூனிலிருந்து அவள்தான் போடுகிறாள். நாற்பத்து நான்கு பேர், ஆறு மாதம், இதுவரை ஒரு கூட்டல்கூடத் தவறியதில்லை. மேடமே ஒரு முறை சரிபார்த்துவிட்டு யார் போட்டது என்று கேட்டார்.

இன்று வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். மதிய உணவு இடைவேளையில் பார்த்தால், பதிவேட்டின் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்ற?”

“மேல கோடு இருக்கறதால கண்ணுக்குத் தெரியல சார். நீங்க அழுத்திப் புள்ளி வெக்கறீங்க. பின்னாடி தடவுனா முட்டுது.”

“கூட்டல் முடிஞ்சுதா?”

“ஒரு கூட்டல் முடிஞ்சுது. இன்னொண்ணு பாக்கி.”

மஞ்சள் புத்தகத்தை இன்னும் அவள் வாங்கவில்லை. பதினான்கு பிரதி போய்விட்டது, ஒன்று என் மேஜையிலேயே கிடக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

கடலூர் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. சாலை அப்படி.

ஏழாவது பீரியட் மூன்றேகாலுக்கு முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்தேன். மோனிஷா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், வராந்தா தூணை ஒட்டி வரிசையாக மற்ற பதினாறு பேர். குருபாதம் மைதானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். அவள் கையில் இருந்தபடியே படித்தேன். கோடு போட்ட தாள், மடிப்பு இல்லாமல், ஓரம் விட்டு எழுதியது. இப்போது என் பையில் இருக்கும் அதை அப்படியே இங்கே ஒட்டிவிடலாம் என்று பார்த்தால் பஸ்ஸில் பசை இல்லை. பெயர்த்து எழுதுகிறேன்:

‘மதிப்பிற்குரிய ஐயா, ஜூன் முதல் நவம்பர் வரை பள்ளி வேலை நாள்கள் 104. ஓடைமேடு காலனியிலிருந்து வரும் எங்கள் பதினேழு பேருக்கும் வைக்கப்பட்ட புள்ளிகளை எண்ணியிருக்கிறோம். குறைந்தது 81. அதிகம் 101. மோனிஷாவுக்கு 96. அவள் விடுப்பு எடுத்தது 3 நாள், மாமா பைக்கில் கொண்டுவந்து விட்டது 5 நாள். அந்த 5 நாளில் நடத்திய கணக்குகளைக் காலாண்டுத் தேர்வில் அவள் முழுமையாகச் செய்திருக்கிறாள். விடைத்தாளில் பார்க்கலாம். எனவே கணக்குப் பாடவேளையை எட்டாம் பாடவேளைக்கு மாற்ற வேண்டும். மாற்ற இயலாது என்றால், நாளை முதல் புள்ளியின் மேல் கோடு போடக் கூடாது. புள்ளி புள்ளியாகவே இருக்கட்டும். அதைப் பணிமனையில் காட்டிக்கொள்கிறோம்.’

கீழே பதினேழு கையெழுத்து.

விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். அந்தக் கணக்குகள் எவை என்று இப்போது நினைவுக்கு வருகிறது.

“கோடு போடலன்னா வருகை கொறையும். ஹால் டிக்கெட்டே வராது. தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார். அதனாலதான் மாத்தணுங்கறத மொதல்ல எழுதிருக்கேன்.”

“உங்களுக்காகத்தாம்மா அந்தக் கோட்டையே போட்டேன்.”

“அதுவும் தெரியும் சார்.”

“மேடம்கிட்ட பேசணும். நான் ஒருத்தனா முடிவு பண்ற விஷயம் இல்ல இது.”

“காலையிலயே பேசிட்டோம் சார். சாருக்குச் சரின்னா எனக்கும் சரின்னாங்க. டைம்டேபிள் கூட எழுதி வெச்சிருக்காங்க. உங்க கையெழுத்துதான் பாக்கி.”

பின்னாலிருந்து ஒரு பையன், ஜெபின், அடக்க முடியாமல் சொன்னான்: “பேனா எங்ககிட்டயே இருக்கு சார்.” யாரோ அவன் முதுகில் குத்தினார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு இப்படிக் கேட்கத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யாரிடம் கற்றார்கள்? நான் வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறேன், உங்களுக்குச் சேர வேண்டியதைக் கெஞ்சாதீர்கள், கேளுங்கள் என்று.

ஆசிரியர் அறைக் கடிகாரத்தில் மூன்றரை ஆக ஒரு நிமிடம். கேட்டுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அந்த டிரைவருக்கு என்னைத் தெரியும், ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பார்.

மோனிஷா நகரவில்லை. வழியை மறித்தும் நிற்கவில்லை. வழி திறந்துதான் இருந்தது. தாளைப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் இறக்கவில்லை.

“ரெண்டுல ஒண்ணு சார். பீரியட மாத்தறீங்களா, புள்ளிய அப்படியே வுடறீங்களா? இப்பவே சொல்லுங்க.”